கரும்பலகைக்கும் கண்ணுக்கும் நடுவே

கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால், மதுரவாயலையும் வேலப்பன்சாவடியையும் ஒட்டி நூம்பல் வரும். அங்கே 2017 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையின் சென்னைக் கிளை இயங்குகிறது. இன்னும் சில கிலோமீட்டர் தள்ளிப் பூந்தமல்லியில் பார்வைக் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் அதே ஊரில்தான். போன பார்வையை மீட்டுத் தரும் இடம் ஒன்று. பார்வை இல்லாமலே படிக்கக் கற்றுத் தரும் இடம் இன்னொன்று.

இந்த இரண்டு வாசல்களையும் மிதிக்காதவர்கள்தான் பெரும்பான்மை. ஆவடியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் ஆறாம் வகுப்பு மாணவி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மைக்ரோமீட்டரின் கோடுகளைப் படிக்கக் கையை நீட்டிப் பிடிக்கும் 44 வயது லேத் ஆபரேட்டர், திருமுல்லைவாயலில் டிவி சீரியலின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் 70 வயதுப் பாட்டி. மூவருக்கும் கண் தெரிகிறது, ஆனால் போதுமான அளவு தெரியவில்லை. இந்தப் போதாமை படிப்பையும் வருமானத்தையும் மூளையின் நலத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உறுதியான ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றை ஒருசேரப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. மூக்குக் கண்ணாடியை நாம் மருத்துவச் செலவுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். அது பாடப்புத்தகத்தோடும் மடிக்கணினியோடும் சேர்ந்து எழுத வேண்டிய கல்விக் கருவி.

கற்றல் தொழில்நுட்பம் என்றதும் நம் மனம் திரைகளுக்குப் போகிறது. 2011-ல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது முதல் ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு என்று தமிழ்நாட்டுப் பள்ளிகள் வெகுதூரம் வந்துவிட்டன. இதற்கெல்லாம் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளை வைத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த வகுப்பு நிலையில் இருக்கிறதோ அங்கிருந்தே கணக்கைச் சொல்லித்தரும் மென்பொருள் அது. நாலரை மாதத்தில் கணித மதிப்பெண் 0.37 திட்ட விலக்கம் கூடியது. கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். ஆனால் எந்த மென்பொருளும் பிள்ளை திரையைப் பார்க்க முடிகிறது என்ற அனுமானத்தில்தான் தொடங்குகிறது. அந்த அனுமானத்தைச் சோதிக்க வேண்டும்.

பார்வை மங்கிய குழந்தை அதைப் புகாராகச் சொல்லாது. மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. உலகமே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். கண்ணைச் சுருக்கும், புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகும், போர்டில் எழுதியதைப் பக்கத்து நோட்டிலிருந்து எடுக்கும். அறிக்கை அட்டையில் ‘கவனம் போதாது’ என்று விழும். சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளையே தனக்குப் படிப்பு வராது என்று நம்பத் தொடங்கிவிடும். இந்த நம்பிக்கை நோயைவிட மோசமானது.

கண்ணாடி கொடுத்தால் மார்க் ஏறுமா என்பதை முறையாகச் சோதித்தவர்கள் சீனாவில் பணியாற்றிய ஆய்வாளர்கள். மேற்குச் சீனாவின் 252 தொடக்கப் பள்ளிகளில், கண்ணாடி தேவைப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் சில பள்ளிகளுக்குக் கண்ணாடியையே இலவசமாகத் தந்தார்கள், வேறு சிலவற்றுக்கு பவர் சீட்டை மட்டும் தந்தார்கள். கல்வி ஆண்டின் முடிவில் இலவசக் கண்ணாடி பெற்ற குழுவின் கணித மதிப்பெண் 0.11 திட்ட விலக்கம் கூடியிருந்தது. 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இது. எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வாளர்கள் சொல்லாமல் வகுப்புக்குப் போய்ப் பார்த்தபோது, கண்ணாடி பெற்றவர்களில் பத்துக்கு நான்கு பேர்தான் அதை அணிந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் பெட்டியில் வைத்திருந்தும் குழுவின் சராசரி அந்த அளவு உயர்ந்திருக்கிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சுமார் 2,300 மாணவர்களிடம் செய்யப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. முதல் ஆண்டில் எல்லோருக்குமாகச் சேர்த்து வாசிப்பில் 0.09 திட்ட விலக்கம் மட்டுமே முன்னேற்றம். ஆனால் வகுப்பில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களுக்கு அது 0.28. ‘மக்கு’ என்று ஒதுக்கப்பட்ட வரிசையில்தான் கண்ணாடி அதிகம் வேலை செய்தது. இரண்டாம் ஆண்டில் இந்தப் பலன் காணவில்லை. பிள்ளைகள் கண்ணாடி அணிவது குறைந்துபோனது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வளரும் பிள்ளைக்கு பவர் மாறும், கண்ணாடி உடையும், தொலையும். ஒருமுறை முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போவதால் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம்மிடம் அமைப்பு இல்லாமல் இல்லை. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தை இந்தியா 1976-லேயே தொடங்கியது. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2009-ல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் வந்தது. ஆறு மீட்டர் தள்ளி நிறுத்தி, அட்டையைக் காட்டி, எந்த வரிவரை படிக்கிறது என்று பார்க்க ஆசிரியருக்கே பயிற்சி கொடுத்துவிடலாம். குறை தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கண் மருத்துவ உதவியாளர் பவர் பார்த்துச் சொல்வார். ஓட்டை இருப்பது அதற்குப் பிறகுதான். கண்ணாடி வந்து சேர்ந்ததா, பிள்ளை போட்டுக்கொள்கிறதா, அடுத்த ஆண்டு மாற்றினோமா என்பதைக் கேட்க ஆள் இல்லை.

போட்டுக்கொள்ளாததற்குக் காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. ‘சோடாபுட்டி’ என்ற ஒரு சொல் எத்தனை பிள்ளைகளின் கண்ணாடியைப் பைக்குள் தள்ளியிருக்கும்! பெண் பிள்ளை என்றால் ‘நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது’ என்ற கவலை பத்து வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. இவற்றுக்கு மேல், கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை. இதை மலேசியாவில் நேரடியாகச் சோதித்தார்கள். 94 பிள்ளைகளில் ஒரு பாதிக்குச் சரியான பவரும், மறு பாதிக்கு வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்த பவரும் தந்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். குறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் கிட்டப்பார்வை கூடுதலாக வளர்ந்தது, ஒரு டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) அளவுக்கு. சரியான பவர் போட்டவர்களுக்கு 0.77. 2002-ல் வெளிவந்த முடிவு. பவர் ஏறுவது பிள்ளை வளர்வதால். கண்ணாடியால் அல்ல.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். கண் நன்றாக இருந்தால் படிப்பு வளரும். ஆனால் படிப்பு வளர வளரக் கண் கெடுகிறது. படித்தவர்களிடம் கிட்டப்பார்வை அதிகம் என்பது பழைய கவனிப்பு. கண் கெட்டவர்கள் வெளியே விளையாடப் போகாமல் புத்தகத்தில் விழுகிறார்களா, புத்தகம்தான் கண்ணைக் கெடுக்கிறதா என்று மட்டும் பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தது. 2018-ல் பிரிட்டனில் சுமார் 68,000 பேரின் மரபணுத் தகவலைக் கொண்டு அதைப் பிரித்தார்கள். படித்த ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் கிட்டப்பார்வை 0.27 டயாப்டர் ஏறுகிறது. பள்ளியோடு நிறுத்தியவருக்கும் பட்டம் வாங்கியவருக்கும் குறைந்தது ஒரு டயாப்டர் வித்தியாசம். எதிர்த்திசையில், கிட்டப்பார்வைக்கான மரபணு இருப்பதால் யாரும் அதிகம் படித்துவிடவில்லை. ஆக, காரணம் படிப்புதான்.

கிட்டப்பார்வையில் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக நீண்டுவிடுகிறது. தூரத்துக் காட்சி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுவதால் மங்கலாகிறது. குழந்தைப் பருவத்தில் விழிக்கோளம் எவ்வளவு வளர வேண்டும் என்பதை ஒளியும் காட்சியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வெளிச்சம் அதிகம் படும்போது விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து அந்த நீட்சியை அடக்குகிறது என்பது விலங்கு ஆய்வுகளிலிருந்து இன்று பலரும் ஏற்கும் விளக்கம். வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே பகல் நேரத்தில் மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ். நம் கண்ணின் பாவை சுருங்கிச் சமாளித்துவிடுவதால் இந்த வேறுபாட்டை நாம் உணர்வதில்லை.

டெல்லியில் ஐந்து முதல் பதினைந்து வயது வரையிலான சுமார் 10,000 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த பிள்ளைகளிடம் அது குறைவு. கொரோனா காலம் இதைக் கொடூரமாக நிரூபித்தது. சீனாவின் ஒரு நகரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்து வந்தார்கள். ஆறு வயதினரில் கிட்டப்பார்வை 2015 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் 5.7 சதவீதத்தைத் தாண்டியதில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்தபின் 2020-ல் பரிசோதித்தபோது அது 21.5. நம் பிள்ளைகளும் அந்த மாதங்களில் ஒரு சிறிய செல்போன் திரையில் ஆன்லைன் வகுப்பு பார்த்தவர்கள்தான். நாற்பத்தைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2025-ல் வந்த அலசலில், தினசரித் திரை நேரம் ஒரு மணி கூடும்போது கிட்டப்பார்வை வாய்ப்பு சராசரியாக 21 சதவீதம் உயர்கிறது.

தீர்வும் ஆய்விலேயே இருக்கிறது. குவாங்சௌ நகரின் 12 பள்ளிகளில் பாதிக்குத் தினம் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்யும் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. பார்வை மங்கிய தொடக்கப் பள்ளி மாணவர்களின் விகிதம் அங்கே பத்து ஆண்டுகளாக ஏறி 2011-ல் 50 சதவீதத்தைத் தொட்டிருந்தது. 2015-க்குள் 46.1 ஆக இறங்கியது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாடி மேல் மாடியாக நிற்கும் எத்தனையோ தனியார் பள்ளிகளுக்கு மைதானமே கிடையாது. மைதானம் இருக்கும் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியட் என்று ஒன்று இருந்த நினைவே பிள்ளைகளுக்கு இராது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடம் பிள்ளையின் கண்ணிலிருந்து எடுக்கப்படுகிறது. பகல் பதினொன்றரை வெயிலில் ஓடச் சொல்லவில்லை. காலை இறைவணக்கத்தை ஒட்டியோ மாலையிலோ, வேப்பமரத்தடியில் உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைத்தாலும் கண்ணுக்கு அது போதும்.

சில குறைகளில் வயது கறாராக இருக்கும். இரண்டு கண்ணில் ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால், மூளை நல்ல கண்ணின் காட்சியை எடுத்துக்கொண்டு மற்றதைப் புறக்கணிக்கப் பழகிவிடும். இதைச் சோம்பல் கண் என்பார்கள். நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 507 பேரிடம் இதைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். 7 முதல் 12 வயதில் கண்ணாடி மட்டும் தந்தபோது 25 சதவீதம் பேருக்குப் பார்வை முன்னேறியது. மறைப்பும் பயிற்சியும் சேர்த்தபோது 53 சதவீதம். 13 வயதுக்கு மேல் அந்தச் சிகிச்சை ஏறத்தாழ எதையும் கூட்டவில்லை, 25-க்கும் 23-க்கும் உள்ள வேறுபாடுதான். ஆக, அங்கன்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பது அவசியம். இரண்டு கண்ணாலும் சேர்ந்து பார்க்கும் பிள்ளையிடம் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்காக மூளை குழந்தைப் பருவத்தோடு பூட்டிக்கொள்கிறது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பவன் சின்ஹா என்ற நரம்பியல் அறிவியலாளர் ‘பிரகாஷ்’ என்ற திட்டத்தின் கீழ், பிறவிக் கண்புரையால் பார்வை இழந்திருந்த இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சைக்கு வழி செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதைப் பதிவு செய்தார். 8 முதல் 17 வயதுக்கு உட்பட்ட ஐந்து பேரிடம், கட்டு அவிழ்த்த இரண்டு நாளுக்குள் ஒரு சோதனை நடந்தது. கையால் தடவி உணர்ந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் காட்ட வேண்டும். முடியவில்லை. தத்துவவாதிகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துவந்த கேள்விக்கு இந்திய ஏழைப் பிள்ளைகளின் கண்களிலிருந்து 2011-ல் பதில் வந்தது. அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். சில நாள்களிலேயே அவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

பூந்தமல்லிப் பள்ளி போன்ற இடங்களில் விரல் நுனியால் படிக்கும் பிள்ளைகளின் மூளையைப் பற்றியும் இதேபோல் ஓர் ஆச்சரியம் உண்டு. பார்வையற்றவர்கள் பிரெயில் படிக்கும்போது, மூளையின் பின்புறத்தில் பார்வைக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று 1996-ல் கண்டார்கள். அது வெறும் உடன்நிகழ்வா என்ற சந்தேகத்தைப் பின்னர் ஒரு துயரச் சம்பவம் தீர்த்தது. பிறவியிலேயே பார்வையற்றவரும் பிரெயில் வாசிப்பில் தேர்ந்தவருமான ஒரு பெண்ணுக்குப் பக்கவாதத்தால் அந்தப் பகுதி இருபுறமும் சேதமானது. விரலின் தொடு உணர்வு அப்படியே இருந்தும் பிரெயில் படிக்க அவரால் முடியாமல் போனது. சிறு வயதில் பார்வை இழந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் வலுவாக நடக்கிறது. பார்வையற்ற பிள்ளையை ‘கொஞ்சம் பெரியவனாகட்டும்’ என்று வீட்டில் வைத்திருக்காமல் உரிய வயதில் பிரெயிலில் சேர்க்கச் சொல்வதற்கு இது மூளையே தரும் காரணம். திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் வந்த பிறகும் பிரெயில் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. காதால் கேட்பவருக்குக் கதை கிடைக்கும். எழுத்துப்பிழையின்றி எழுதவும் கணக்குப் போடவும் எழுத்து கையில் படவேண்டும். 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலின் அழகும் இங்கே குறிப்பிட வேண்டியது. தமிழின் ககரத்துக்கும் இந்தியின் ககரத்துக்கும் ஒரே புள்ளிகள்தான். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஓர் எழுத்துமுறை அமைந்திருக்கிறது.

பள்ளியை விட்டு வேலைக்கு வருவோம். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகத் தொடங்கும். பக்கத்தில் உள்ளதைக் குவித்துப் பார்க்க முடியாமல் வெள்ளெழுத்து வரும். யாரையும் விடாத குறை இது. ஆவடி ஓ.சி.எஃப் ராணுவ உடைத் தொழிற்சாலையில் சீருடை தைப்பவருக்கும், அம்பத்தூரில் வெர்னியர் பிடிப்பவருக்கும், வீட்டில் அரிசியில் கல் பொறுக்குபவருக்கும் வரும். அஸ்ஸாமில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், அருகில் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். 2024-ல் வெளியான வங்கதேச ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி போய் வருமானத்தையே அளந்தது. கண்ணாடி பெற்று எட்டு மாதத்தில் வருமானம் 33 சதவீதம் கூடியிருந்தது. அங்கே கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்தவர்கள் பிராக் தொண்டு அமைப்பின் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் பையில் அருகுப்பார்வை அட்டை ஒன்றும் சில பவர்களில் ஆயத்தக் கண்ணாடிகளும் இருந்தால் என்ன தடை? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. வெள்ளெழுத்துக்குக் கடையில் கண்ணாடி வாங்கிப் போட்டதோடு கண் சோதனை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சங்கர நேத்ராலயா 2001 முதல் 2004 வரை திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் சென்னை நகரிலும் நாற்பது வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்தது. கிராமங்களில் கண்ணழுத்த நோய் இருப்பதாகக் கண்டவர்களில் கிட்டத்தட்ட அத்தனை பேருக்கும் அதுவரை தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. அதே நிறுவனம் சென்னையில் சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்தபோது 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டு நோய்களும் வலி தராமல் பார்வையைத் தின்பவை. நாற்பதில் ஒருமுறை கண்ணை முழுமையாகப் பார்த்துக்கொள்வதும், சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் படம் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். விழித்திரைப் படத்தைக் கணினியே படித்துப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் முறையைச் சோதித்த முன்னோடி ஆய்வுகளில் அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் பங்கேற்றிருக்கின்றன.

அரவிந்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அது. அதன் வேகத்துக்கும் குறைந்த செலவுக்கும் பின்னால் இருப்பவர்கள், பிளஸ் டூ முடித்துக் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு ஆண்டுப் பயிற்சி பெறும் இளம்பெண்கள். பவர் பார்ப்பது, அழுத்தம் அளப்பது, அறுவை அரங்கில் உதவுவது என்று பெரும்பகுதி வேலை அவர்கள் கையில். ஒரு கிராமத்துப் பெண்ணின் பிளஸ் டூ படிப்பு பலருடைய பார்வையாக மாறுகிறது. கல்வியையும் நலத்தையும் இணைக்கும் ஆய்வு எதுவும் இதைவிட நேராக ஒன்றைச் சொல்லிவிட முடியாது.

முதுமைக்கு வந்தால் கண், படிப்பு, மூளை மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மறதி நோயைப் பற்றிய லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. இளமையில் படிப்புக் குறைவுக்கு அதில் 5 சதவீதப் பங்கு. கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவை அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்த்தார்கள், அதற்கு 2 சதவீதம். கண்புரை இருந்த 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை சியாட்டில் நகரில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் அபாயம் 29 சதவீதம் குறைவாக இருந்தது. காட்சி குறைந்தால் மூளைக்கு வரும் செய்தி குறைகிறது, பேச்சுத்துணை குறைகிறது, வாசிப்பு நிற்கிறது. திருமுல்லைவாயல் பாட்டிக்குக் கண்புரை எடுப்பதை ‘இந்த வயசுல என்னத்துக்கு’ என்று தள்ளிப்போடும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிப்பு இல்லாதவர்கள் நம்பிக்கையிழக்கவும் வேண்டாம். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டதில், இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் காணப்பட்டது. கனரக வாகனத் தொழிற்சாலையும் விமானப்படையும் மத்திய ரிசர்வ் போலீஸும் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த ஆவடியில், வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் குவார்ட்டர்ஸில் இந்தியும் பேசி வாழ்ந்த முதியவர்கள் ஏராளம். அவர்கள் நாள்தோறும் மூளைக்குக் கொடுத்த பயிற்சி எந்தச் சான்றிதழிலும் ஏறவில்லை.

இப்போது 15 வயதுக்கு மேற்பட்ட, எழுத்தறியாதவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடந்துவருகிறது. மாலை நேரத்தில் அந்த வகுப்புக்கு வந்து உட்காருபவர்களில் நாற்பதைத் தாண்டிய பெண்களும் உண்டு. புத்தகத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘எனக்கு இனிமே எங்க ஏறப்போகுது’ என்று சொல்லும் அம்மாவுக்கு மண்டையில் கோளாறு எதுவும் இல்லை. ப்ளஸ் ஒன்றரை பவர் போதும். தன்னார்வலர் அகரம் சொல்லித்தரத் தொடங்கும் முன், முதல் நாள் வகுப்பில் அருகுப்பார்வையைச் சோதித்து, வேண்டியவர்களுக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். எழுத்துத் தெரியாதவரை எழுத்து அட்டை வைத்து எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில ‘இ’ வடிவத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பி அச்சிட்ட அட்டையைக் காட்டி, அதன் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்டச் சொல்வார்கள். எழுத்தறியாத சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் அதே வடிவம்தான்.